முப்பது பேருக்கு ஒரு டோக்கன்

மார்ச் 4

என் அருமை வாயாடி மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். போன வாரம் என்னைப் பரிசோதித்த டாக்டர், "உங்க உண்மையான வயசைச் சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினார். அவ்வளவு நன்றாக இருக்கிறேன். உன் அத்தைக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்தது. வந்த வழியே போய்விட்டது. அவள் உடம்பும் என்னோடு வாழ்ந்து இரும்பாகிவிட்டது.

போன் இருக்கும்போது எதற்கு மாமா கடிதம் என்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை அடித்தளம் போட்டுக் கட்டி எழுப்பும்போது, நீ "சுருக்கமா சொல்லுங்க மாமா" என்று முதல் மாடியிலேயே இடித்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நானும் எழுத்தில் கொஞ்சம் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்பில், "இனி உனக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை" என்று வாத்தியாரே கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டவன் நான்.

இப்போது செய்தி. உட்கார்ந்து படி. உன் மாமா இனி இரண்டு லைனுக்கு சூப்பர்வைசர்! அறுபது மெஷின், அறுபது பெண்கள். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார் பார், மதியச் சாப்பாடுவரை விடவில்லை. இடது கையால்தான் சாப்பிட்டேன்.

இது எதற்காக என்று கேள். என் மூளைக்காக. சட்டைத் தையல் உனக்குத் தெரியாததா? காலர் தைப்பவளிடம் தொடங்கி, பட்டன் வைப்பவளிடம் முடிகிற ஒரே சங்கிலி. நடுவில் ஒருத்தி எழுந்து பாத்ரூம் போனால் அவள் மேசையில் துணி மலையாகக் குவிகிறது, அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு கதை பேசுகிறாள். பலகையில் எழுதிய டார்கெட் பலகையிலேயே நின்றுவிடுகிறது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் இதற்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஜனவரியில் உன் மாமா ஒரு தகரத்தை வட்டமாக வெட்டி, ஓட்டை போட்டு, சிவப்பு ரிப்பன் கோத்தான். டோக்கன்! முப்பது பேருக்கு ஒன்று. போகிறவள் என் மேசைக்கு வந்து, என் கையால் வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஏழு நிமிஷத்தில் திரும்பிவிட வேண்டும். அது வரும்வரை அடுத்தவள் எழக்கூடாது. சுலபம்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அத்தனை ஒழுங்கு வந்துவிட்டது. கட்டிங் செக்‌ஷன் ஆம்பிளைகளுக்கு இது தேவையில்லை, அவர்கள் பொறுப்பாகப் போய்ப் பொறுப்பாக வருகிறார்கள்.

ஒரு மணிக்கு எட்டு சட்டை கூடியது. நான் எழுபது என்றுதான் வெளியே சொல்கிறேன், உன்னிடம் மறைப்பானேன். இப்போது எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புகிறார்களாம். உன் கிளைக்கும் வரும். வந்தால், "இது என் மாமா கண்டுபிடிச்சது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்.

உன் அம்மாவை, அதாவது என் அக்காவை, நான் விசாரித்ததாகச் சொல். அவள் வாய்தான் உனக்கு வந்திருக்கிறது.

இரண்டு லைனை ஆளும்,
உன் மாமா


மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அறையில்தான் இருந்தேன். வேலை நாளில் அறையில் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி, கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உங்கள் டோக்கன் எங்கள் கிளைக்குத் திங்கட்கிழமை வந்தது. தகரம், சிவப்பு ரிப்பன், ஏழு நிமிஷம், எல்லாம் அப்படியே. எந்த மகராசன் மூளையில் உதித்தது இது என்று நாங்கள் முப்பது பேரும் நான்கு நாளாக அவருக்கு வாழ்த்துப்பா பாடிக்கொண்டிருந்தோம். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எனக்கு அடுத்த மெஷினில் பட்டன் துளை போடுகிற அக்கா ஒருத்தி. வயிற்றில் ஆறு மாதம். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு டோக்கன் கேட்டாள். "போனவ வரட்டும்" என்றார் சூப்பர்வைசர். பதினொன்றரைக்கு மறுபடி போய்க் கேட்டாள். "உனக்கு முன்னாடி மூணு பேரு" என்றார். பன்னிரண்டு மணிக்கு அவள் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சுக்கா என்று திரும்பினேன். கீழே பார்க்காதே என்று கண்ணாலேயே சொன்னாள்.

நான் பார்க்கவில்லை மாமா. அடக்க முடியாமல் போய்விட்டது என்று புரிந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி, கையைப் பிடித்துக்கொண்டு லைனின் நடுவாக நடந்தேன். எங்கள் கழுத்தில் ஒன்றும் இல்லை. அவள் அழவில்லை. "என்னை மெதுவா நடக்க விடு, ஓடினா எல்லாரும் பார்ப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு மெஷினிலும் வேறு ஆட்கள். டோக்கன் இல்லாமல் இடத்தை விட்டுப் போனது குற்றமாம். சரக்கைப் பாழாக்கியது இன்னொரு குற்றமாம். விசாரணை முடியும்வரை இருவருமே வெளியே.

கட்டிங் செக்‌ஷனில் உங்களுக்கு எத்தனை ஆண்கள்? அவர்கள் பொறுப்பாக எங்கே போய் வருகிறார்கள் என்று புகையை வைத்தே கண்டுபிடிக்கலாம். அவர்கள் கழுத்தில் என்ன தொங்குகிறது, எழுதுங்கள்.

நெஞ்சை நிமிர்த்திச் சொல்லச் சொன்னீர்கள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

உங்கள்,
மருமகள்


மார்ச் 19

வாயாடிக்கு,

அம்மாடி, என்ன காரம்! உறையைப் பிரித்ததும் இரண்டு தடவை தும்மினேன்.

முதலில், அந்தப் பட்டன் துளை அம்மாளுக்கு நடந்தது கேட்டு எனக்கு ரொம்ப வருத்தம். நிஜமாகவே வருத்தம். ஆனால் ஒன்று யோசி. கத்தியைச் செய்தவனையா பிடிப்பார்கள்? டோக்கன் நல்ல டோக்கன். உங்கள் சூப்பர்வைசருக்கு அதைக் கையாளத் தெரியவில்லை. அதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். என் லைனில் வந்து பார். அந்தப் பெண்களுக்கு நான் அப்பா மாதிரி, அண்ணன் மாதிரி. சில பேருக்கு நான் கிட்டத்தட்டத் தெய்வம், நானாகச் சொல்லக்கூடாது. ஒருத்தி முகம் வாடினால் எனக்குத் தெரிந்துவிடும், உடனே டோக்கனை நீட்டிவிடுவேன். "போயிட்டு வாம்மா" என்பேன். அந்தக் கண்களில் எத்தனை நன்றி தெரியுமா?

இரண்டாவது, ஆம்பிளைகளைப் பற்றிக் கேட்டாய். அவர்கள் போக்கு வேறு, பெண்கள் போக்கு வேறு. இதை விளக்க ஒரு புத்தகமே எழுத வேண்டும், எனக்கு நேரமில்லை.

மூன்றாவது, இதைப் படித்ததும் நீயே வாயை மூடிக்கொள்வாய். உன் அத்தை எந்த லைன்? என் லைன். பதினேழாவது மெஷின், சட்டைக்குக் கை இணைக்கிற வேலை. ஜனவரியிலிருந்து இன்றுவரை ஒரே ஒரு தடவையாவது என் மேசைக்கு வந்து டோக்கன் கேட்டிருப்பாளா? கிடையாது! ஒரு நாள்கூட! மேனேஜரிடமே காட்டினேன், "பாருங்க சார், என் வீட்டுக்காரி, இதுதான் கட்டுப்பாடு" என்று. அவர் அப்படியே வாயடைத்து நின்றுவிட்டார்.

உன் வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உனக்காகக் காத்திருக்கச் சொல்வார்கள். நீ ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிவை. இரண்டே வரி. வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், என் எழுத்தைப் பார்த்தால் கல்லும் கரையும்.

அன்போடு,
மாமா


மார்ச் 26

மாமாவுக்கு,

மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன்.

அத்தை ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று எனக்கு எழுதிவிட்டீர்கள். அத்தையிடம் கேட்டீர்களா? இன்றே கேளுங்கள். டீ போட்டுக்கொடு என்று சொல்லிக்கொண்டே கேட்காதீர்கள். நீங்களே டீ போட்டு, எதிரில் உட்கார்ந்து, "நீ வேலை நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பிறகு அத்தை முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். முடியாது என்று தெரியும். முயற்சி செய்யுங்கள்.

இங்கே நிலவரம் இது. நாங்கள் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தோம். ஏப்ரல் பதினாறாம் தேதி விசாரணை. கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது, படித்தால் சிரிப்பீர்கள். அப்படி ஒரு டோக்கனே கம்பெனியில் கிடையாதாம். வரிசையாகப் போய் வர வசதியாக இருக்கட்டும் என்று பெண்கள் தாங்களாகவே செய்துகொண்ட விளையாட்டுப் பொருளாம். நாங்களே எங்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டோமாம்.

அதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மருமகள்


ஏப்ரல் 3

அருமை மருமகளுக்கு,

"அன்புள்ள" என்ற வார்த்தையை உன் கடிதத்தில் முன்னும் பின்னும் திருப்பித் தேடினேன். பரவாயில்லை, என்னிடம் மூட்டைக் கணக்கில் இருக்கிறது, நான் போட்டுக்கொள்கிறேன்.

டீ போட்டேன். இந்த உலகத்தில் அப்படி ஒரு டீயை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். உன் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போடலையா?" என்றாள். அது கிடக்கட்டும்.

கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஒரு நூல் கூடக் கூட்டவில்லை.

"காலையில ஆறு மணிக்கு ஒரு டம்ளர்" என்றாள். "அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

"பகல் பூராவுமா?"

"மத்தியானம் வாய் கொப்பளிப்பேன். துப்பிடுவேன்."

"பைத்தியமா உனக்கு? எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே!"

"எதை?"

"டோக்கனை."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "முப்பது பேருக்கு முன்னாடி, கட்டின புருஷன் மேசையில போய் நின்னு, பாத்ரூம் போகணும், குடுங்கன்னு கையை நீட்டணும். அதானே?"

"நீ கேட்டா நான் குடுக்காம இருப்பேனா?"

"குடுப்பீங்க. எனக்குத் தெரியும். முதல் ஆளா குடுப்பீங்க, போயிட்டு வாம்மான்னு சிரிச்சுக்கிட்டே. குடுக்கறதுக்கு நீங்க யாருங்க?"

எனக்கு ஒரு பதில் இருந்தது. நல்ல பதில். தொண்டைவரை வந்தது. நீ பேசக்கூடாது என்று எழுதியிருந்தாயே என்று விழுங்கினேன். விழுங்கியபிறகு பார்த்தால் அது ஒன்றும் அவ்வளவு நல்ல பதிலும் இல்லை.

அந்த இரண்டு காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் இல்லையாம். சிறுநீரில் கிருமி. டாக்டரம்மா தண்ணீர் குடி, அடக்காதே என்று இரண்டு தடவையும் திட்டி அனுப்பியிருக்கிறாள். என்னிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். "உங்ககிட்ட சொன்னா டாக்டருக்கே டோக்கன் பத்திப் பாடம் எடுப்பீங்க" என்றாள். சரி, எடுத்திருப்பேன்தான்.

லைனில் எனக்கு என்ன பெயர் என்றும் சொன்னாள். நான் 'சார்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'ஏழு நிமிஷம்' என்பார்களாம். "ஏழு நிமிஷம் வருது, பேச்சை நிறுத்து." "ஏழு நிமிஷத்துக்கு இன்னைக்குப் புதுச் சட்டை." அவள் காதுபடவே சொல்வார்களாம். அவளும் சிரிப்பாளாம்.

மறுநாள் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை. சரி, தட்டினேன். டோக்கனை எடுத்துவிடலாம் சார், என் மருமகளையும் அந்த அம்மாளையும் வேலையில் சேர்த்துவிடலாம் என்றேன்.

"எந்த டோக்கன்?" என்றார்.

"நான் செஞ்சு, நீங்க கை குடுத்தீங்களே சார், அது."

"யோவ், நீ சொல்றதையெல்லாம் யாராவது நம்புவாங்களா? இந்தக் கட்டடத்துக்கே நீதான் அஸ்திவாரம் தோண்டினேன்னு சொல்லிட்டுத் திரியற ஆளு. போய் வேலையைப் பாரு. பேசாம இருந்தேன்னா ஜூன்ல மாடி முழுக்க உன் பொறுப்பு. பேசினேன்னா, பேசறது நீங்கறதால ஒருத்தனும் காது குடுக்க மாட்டான், வேலையும் போகும்."

உண்மையைச் சொல்கிறேன், மாடி முழுக்க என்றதும் ஒரு நிமிஷம் என் கண்ணுக்கு முன்னால் நாலு லைன் தெரிந்தது. நூற்றிருபது மெஷின். நான் நடுவில் நடக்கிறேன்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதே. யோசிப்பதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை, அதையாவது கணக்கில் எடுத்துக்கொள்.

மாமா


ஏப்ரல் 8

மாமாவுக்கு,

யோசிப்பதை மறைக்காமல் எழுதினீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் நானும் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

மார்ச் 4ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தை விசாரணையில் மேசைமேல் வைக்கப்போகிறேன். தகரம், ரிப்பன், மேனேஜர் கை குலுக்கியது, எல்லாக் கிளைக்கும் அனுப்புவது, எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. உங்கள் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. தெரிவிக்கிறேன். அனுமதி கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். எழுதியவர் பெரிய புளுகர், இதுவும் ஒரு புளுகு என்பார்கள். அப்போது நீங்கள் இரண்டில் ஒன்று செய்யலாம். "ஆமாம், நான் புளுகன், டோக்கனை நான் செய்யவில்லை" என்று சொல்லி மாடி முழுவதையும் வாங்கிக்கொள்ளலாம். அல்லது "மற்றதெல்லாம் புளுகு, இதை மட்டும் நான் செய்தேன்" என்று சொல்லலாம். இரண்டிலும் உங்களுக்குப் பெருமை கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வந்து ஏமாந்துவிடாதீர்கள்.

எங்களைக் காப்பாற்ற வருவதாக நினைத்தும் வராதீர்கள். நாற்பத்தொரு பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பட்டன் துளை அக்கா தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள். "எனக்கு நேர்ந்ததுல எனக்கு என்ன அசிங்கம்? செஞ்சவங்களுக்குத்தான் அசிங்கம்" என்கிறாள். நேற்று அறைக்கு வந்து, எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவது என்று ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில் நீலத்துக்கு முடிவானது. நாங்கள் ஜெயிப்போம் மாமா. நீங்கள் வந்தாலும், வராவிட்டாலும்.

ஆனால் நீங்கள் வராவிட்டால், ஜெயித்தபிறகு உங்களுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் உங்கள் கதைகளைக் கேட்டுத்தான் தூங்கினேன். ஒன்றைக்கூட நம்பவில்லை. உங்களை நம்பினேன்.

பதினாறாம் தேதி, காலை பத்து மணி.

மருமகள்


ஏப்ரல் 30

அருமை மருமகளுக்கு,

பதினாறாம் தேதி வெளியே வந்ததும் நீ என்னிடம் பேசாமல் அந்த அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போய்விட்டாய். அதுதான் நியாயம், கூட்டத்தில் அவள் கால் தடுக்கினால் என்ன ஆவது? ஆனால் ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததால் உள்ளே எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

ஒரு பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். மூன்று பக்கம். பெண்குலம், நியாயம், என் மனசாட்சி எல்லாம் வரும். படித்தால் அதிகாரியே எழுந்து நின்று கை தட்டியிருப்பார். அதிகாரி ஒரு அம்மாள். கண்ணாடி போட்டவர். நான் தொண்டையைச் செருமி, பேப்பரை விரித்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். பேப்பரை மடித்துப் பையில் வைத்தேன். இப்போதும் பையில்தான் இருக்கிறது.

மேசைமேல் என் மார்ச் 4 கடிதம் கிடந்தது. கம்பெனி வக்கீல் எழுந்தார். வழவழவென்று சிரித்த முகம்.

"கட்டிங் செக்‌ஷனுக்குள்ள வந்த சிறுத்தையை வெறுங்கையால பிடிச்சதா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கீங்க?"

"சொல்லியிருக்கேன்."

"பிடிச்சீங்களா?"

மருமகளே, அந்தச் சிறுத்தையை நான் பதினோரு வருஷமாக வளர்த்துவருகிறேன். "பூனை" என்றேன். "அதையும் நான் பிடிக்கல. அதுவா போயிடுச்சு."

"ராணுவத்துல இருந்தீங்களாமே?"

"ராணுவத்துல இருந்தவரோட பக்கத்து வீட்ல இருந்தேன்."

"வெளிநாட்டு வியாபாரி ஒருத்தர் உங்க தையலைப் பார்த்துக் கண்கலங்கி அழுதாராமே?"

"பஞ்சுத் தூசி கண்ணுல பட்டுருச்சு."

மூலையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். என் காது கொதித்தது. முப்பது வருஷமாகச் சேர்த்த சொத்து அது, ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் போட்டு உடைக்கிறார். அப்போது அந்த வக்கீல் குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு, "அப்ப இந்த டோக்கனும் அது மாதிரிதானே சார்?" என்றார்.

ஒரு 'ஆமாம்' போதும். மாடி முழுக்க எனக்கு.

"இல்லீங்க" என்றேன். "அது நிஜம். தகரம் வெட்டினது நான். கையில வச்சுக்கிட்டுக் கேட்க வச்சதும் நான். அவங்க கேட்டுட்டு நிக்கறப்ப எனக்கு நல்லா இருந்துச்சு. அதுவும் நிஜம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர்கள் கேட்கவில்லை. அதை நானாகத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

அதிகாரி அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார். "சரி. உங்க மனைவி சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க" என்றார்.

என் மனைவியா!

அன்று காலை அவள் வேலைக்குப் போகிறேன் என்றுதான் கிளம்பினாள். லைனில் நாலு பேரோடு வேன் பிடித்து, எனக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, சொல்லிவிட்டு, அந்தப் பக்கக் கதவு வழியாகப் போயிருக்கிறாள். தாளில் இருந்ததை அதிகாரி வாசித்தார். "டோக்கனைச் செய்தவர் என் கணவர். அவரைச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. செய்ததை எடுத்து எல்லாருக்கும் மாட்டியவர் மேனேஜர். இருவரையும் கேளுங்கள்." அது மட்டுமா? டோக்கன் வெட்டத் தகரம் கொடு என்று ஸ்டோருக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்று இருந்தது. பெருமையாக இருக்கட்டும் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தேன். அதைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாளாகச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. தூசி தட்ட எடுத்திருப்பாள் என்று நான் இருந்துவிட்டேன்.

ஆக, உலகத்திலேயே நான் சொன்ன ஒரே உண்மை, நான் சொல்வதற்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நானும் கூட வந்திருப்பேன்."

"அதான் சொல்லல. நீங்க வந்தா நீங்க கூட்டிட்டு வந்ததா ஆயிடும்."

"நான் மாத்திச் சொல்லியிருந்தா?"

"நீங்க புளுகன்னு எழுதியிருப்பாங்க. நான் சொன்னது சொன்னதுதான்."

உத்தரவு வந்தது உனக்கே தெரியும். எல்லாக் கிளையிலும் டோக்கன் போயிற்று. நீயும் அந்த அம்மாளும் திங்கட்கிழமை முதல் உங்கள் மெஷினில். மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை, சூப்பர்வைசர் பதவிதான் போயிற்று. மடிப்பு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். தைத்து வருகிற சட்டையை மடித்து, அட்டை வைத்து, உறையில் போட வேண்டும். காலர் தைக்கிற அம்மாள்தான் இப்போது சூப்பர்வைசர். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஏழு நிமிஷம், அந்தச் சட்டைக் கட்டை இப்படித் தள்ளுங்க" என்றாள். மேசையில் ஆறு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலித்தது, ஆனால் சிரித்தேன். யாரும் என்னோடு பேசுவதில்லை. பத்தரை மணிக்கு ஒருத்தி எழுந்து போகிறாள், வருகிறாள், யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அவள் மேசையில் குவிவதைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்து மடித்துவிடுகிறார்கள். இவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது எனக்கு. இதற்கா ஒரு தகரம்?

நேற்று நானும் அவள் சட்டைக் கட்டிலிருந்து பாதியை மடித்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு, "கையை இன்னும் உள்ள மடக்கணும்" என்றாள். மடிப்பில் நான் கில்லாடி ஆகிவிடுவேன், இரண்டு மாதம் பொறு. உலகத்திலேயே...

சரி. இப்போதைக்கு ஒரு மணிக்கு முப்பத்தெட்டு. மற்றவர்கள் அறுபது.

அந்த அக்காவிடம் நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன், எழுதியதெல்லாம் பிரசங்கமாக வருகிறது. நீ ஏதாவது சொல்லிக்கொடு. உன் கையெழுத்தை அடுத்து எப்போது பார்ப்பேன் என்று கேட்கலாமா? கேட்கிறேன்.

அன்புடன்,
மாமா

இதற்குக் கீழே அத்தை எழுதுகிறேன்.

தங்கமே, தபாலில் போடும் முன் நான் படித்துவிட்டேன். படிக்கிறாயா என்று அவரே கேட்டுத்தான் கொடுத்தார். சர்க்கரை போடாத டீயிலிருந்து எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது. ஒரு மணிக்கு முப்பத்தெட்டு என்பது மட்டும் பொய், முப்பத்தொன்று. நான் எண்ணினேன்.

மாமாவை மன்னித்துவிட்டீர்களா அத்தை என்று அன்றைக்கு அந்த அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டு எங்கள் வேனுக்கு வந்து கேட்டாய், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இல்லை. உள்ளே அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை இந்தக் கடிதத்தில்தான் படித்தேன், என்னிடம் சொல்லவில்லை. அதைத் தாண்டி ஏதாவது வருமா என்று பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. உடம்பு தேவலை, நாளுக்கு எட்டு டம்ளர்.

வருகிற புதன்கிழமை எங்கள் கிளையில் பெண்கள் குழு முதல் கூட்டம். என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். கட்டிங் செக்‌ஷன் ஆண்கள் நாலு பேர் தாங்களும் சேர வேண்டும் என்கிறார்கள், அங்கே பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதாம், இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்கள். அதை முதல் கோரிக்கையாக வைக்கலாம் என்று இருக்கிறேன். புகார் மனுவை நீங்கள் எப்படி எழுதினீர்கள், ஒரு நகல் உடனே அனுப்பு.

மாமாவுக்கும் நாலு வரி எழுது. தனி உறையில் போடு, என் உறைக்குள் வைக்காதே. பிரிக்கிற சந்தோஷம் அவருக்கே இருக்கட்டும்.

அத்தை